ஒழிந்துபோன ஏசி ஓடிக்கொண்டிருந்தது

பங்குனி பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்கிடம் யாரும் "நல்லா இருக்கீகளா" என்று கேட்பதில்லை. "எப்ப வாரீக" என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பதினெட்டு வருடமாகச் சிவகாசியில் இந்த வேலை பார்க்கிறேன். மாட்டுவது, கழற்றுவது, கேஸ் ஏற்றுவது, பில்டர் கழுவுவது எல்லாம் செய்வேன். கொஞ்ச காலமாக, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்டை மொட்டைமாடியில் அடிப்பதும், கரண்டு குறைவாக இழுக்கிற பேன் மாட்டுவதும் சேர்ந்துகொண்டன. பழைய மெஷினைக் கொடுத்தால் தள்ளுபடி, கூரைக்குப் பெயிண்ட் அடித்தால் தள்ளுபடி என்று கம்பெனிகள் அறிவிக்க ஆரம்பித்ததிலிருந்து, பாதி நேரம் மனு எழுதிக்கொடுக்கிறவனாகவும் ஆகிவிட்டேன். நீங்களும் ஒரு கவுண்டரில் கால்கடுக்க நின்று, "இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவராக இருந்தால், தள்ளுபடி என்ற சொல்லில் 'தள்ளு' எதற்காக இருக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொஞ்சம் என்னோடு சேர்ந்து கோபப்படுங்கள். தனியாகக் கோபப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பதினாறு டிகிரி

பட்டாசு முதலாளி ஒருவர் வீட்டில் மூன்று பழைய ஏசிகளைக் கழற்றிவிட்டு, மூன்று புது ஐந்து நட்சத்திர ஏசிகளை மாட்டிக் கொடுத்தேன். பழசைக் கடையில் ஒப்படைத்துவிட்டால் புதுசுக்கு நல்ல தள்ளுபடி. பழைய மெஷின்கள் கரண்டை அள்ளிக் குடிக்கிறவை. அவற்றை உடைத்து ஒழித்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கமே. நான் வேலை பார்த்துக்கொடுக்கிற கடை வழியாகத்தான் எல்லாம் நடந்தது. 'ஒழிப்பதற்காக ஒப்படைக்கப்பட்டது' என்ற சீட்டில் மெக்கானிக் என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி வீட்டிலிருந்து போன். கரண்டு பில் குறையவே இல்லையாம், நட்சத்திரம் எல்லாம் பொய்யாம். போனேன். படுக்கையறையில் முதலாளியம்மா மத்தியான நேரத்தில் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டில் பதினாறு. ஆளில்லாத மற்ற இரண்டு அறைகளிலும் பதினாறு. எப்போது போனாலும் உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டுமாம். சமையற்கட்டில் வேலை செய்கிற அம்மாள், சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பேன்கூட இல்லை.

"இருபத்தாறுல வையுங்க. கூடப் பேனைப் போட்டுக்கங்க. ஆளில்லாத ரூமை அணைச்சுருங்க. பில் தன்னால இறங்கும்" என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார். கம்பளியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு சொன்னார்: "காசு குடுத்து வாங்குன குளிரு தம்பி. அதை எதுக்கு நாங்க கம்மியா வைக்கணும்?"

பேப்பர் வாடக்கூடாது

காலண்டர் சீசனில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். மெஷின் ரூமுக்கு இரண்டு பெரிய ஏசி. காற்றில் ஈரமோ சூடோ ஏறி இறங்கினால் பேப்பர் நெளியும். நெளிந்தால் கலர் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்காராது, சாமி முகத்தில் மூக்கு நகர்ந்துவிடும். அதனால் ஏசி வேண்டும். நியாயம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பைண்டிங். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே பேன் இருந்தது. போட்டால் தாள் பறக்கும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். ஏசியிலிருந்து தண்ணீர் வடிகிற பைப்பை எந்தப் பக்கம் விடலாம் என்று பார்க்கப் போனபோது, ஒரு அக்கா மெதுவாக, "இந்தப் பக்கமே விடுங்கண்ணே" என்றார். ஏன் என்று கேட்டேன். ஒரு வாளி வைத்துக்கொள்வார்களாம். அந்தத் தண்ணீர் சில்லென்று இருக்கும், துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் ஒரு மணிநேரம் தாங்குமாம்.

பைப்பை அந்தப் பக்கமே விட்டேன். நேரே முதலாளியிடம் போனேன். தகரத்துக்கு மேலே வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம், இந்த மாதம் அதற்குத் தள்ளுபடி உண்டு, மனுவை நானே எழுதித் தருகிறேன், அடித்தால் உள்ளே சூடு நன்றாகக் குறையும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வரவழைத்தார், நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "பேப்பர் வாடுச்சுன்னா ஆர்டர் போயிரும்ப்பா. ஆளு வாடுனா ஒரு டீ குடிச்சாச் சரியாப் போகும்."

காற்றும் வெளிச்சமும்

விருதுநகரில் ஒரு பருப்பு வியாபாரி வீடு. ஒற்றை மாடி. அவர் தள்ளுபடியெல்லாம் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள உட்கார முடியலை, ஏதாவது செய்யுங்க" என்றார். இரண்டு நாளில் மொட்டைமாடி முழுக்க வெள்ளை அடித்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. இந்தத் தொழிலில் எனக்கு இனிப்பு கொடுத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

பத்து நாளில் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீடு இரண்டு மாடி. கீழேயிருந்து வெள்ளைத் தரையின் பளபளப்பு ஜன்னல் வழியாகக் கண்ணில் அடிக்கிறதாம், தரையை மறுபடி கறுப்பாக்க வேண்டுமாம். திரை போட்டுக்கொள்ளலாமே என்றேன். நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்றார். எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. அவர் வீட்டு ஏசியின் அவுட்டோர் பெட்டி, பருப்பு வியாபாரியின் சமையலறை ஜன்னலுக்கு நேராக மாட்டியிருந்தது. வருடக்கணக்காக அந்த வீட்டு அடுப்படிக்குள் சூட்டை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஜன்னலை அவர்கள் ஆணியடித்து மூடியே வைத்திருந்தார்கள்.

அதைக் காட்டி, "இதுக்கு இவுக உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்காகளா?" என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது காத்து, எங்கிட்டும் போகும். இது வெளிச்சம், எங்க வீட்டுக்குள்ள வருது."

வேர்க்காத உடம்பு

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், ஆனைக்குட்டம் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தார். பெயர் மாரியம்மாள். ஏசி பெரிதாகச் சத்தம் போடுகிறது, கூலிங் வரவில்லை என்றார். போய்ப் பார்த்தால் ஒற்றை அறை கான்கிரீட் வீடு. பட்டாசுக் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிடுகிற இடத்திலேயே வீடு. ஓட்டை உடைசல் நிலைக்கதவு. ஆனால் சுவரில் ஏசி. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கவென்று வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தக் கூட்டம் என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே போனதும் அந்த நினைப்பு செத்தது. தரையில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் அவர் கணவர் கருப்பசாமி உட்கார்ந்திருந்தார். முதுகு, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் தீயில் வெந்து ஆறிய தோல். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவர். அந்த அறைக்குள் பேன் கிடையாது, கரண்டே கூடாது. ஒரு பொறி போதும். அப்படியிருந்தும் ஒருநாள் பொறி விழுந்திருக்கிறது. கூட இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள், இவர் பிழைத்தார். வெந்த இடத்தில் வேர்வை வராதாம். வேர்வை வராவிட்டால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை. வெயில் ஏற ஏறக் காய்ச்சல் மாதிரி கொதிக்கும், தலை சுற்றும், விழுந்துவிடுவார். எப்படியாவது குளிர்ச்சியில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொன்னதால், மாரியம்மாள் காதுத் தோட்டை விற்று இந்தப் பழைய ஏசியை வாங்கியிருக்கிறார். இது ஓடுகிற ஓட்டத்தில் வருகிற கரண்டு பில்லுக்காக, தீப்பெட்டி ஆபீசில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறார்.

பில்டரைக் கழுவலாம் என்று மெஷினின் முன்மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் ஒரு தேதியும் ஒரு கையெழுத்தும் இருந்தன. சர்வீஸ் செய்கிற ஒவ்வொரு முறையும் அப்படி எழுதி வைப்பது என் வழக்கம். அது என் கையெழுத்து. தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கம்பளி போர்த்திய முதலாளியம்மா வீட்டிலிருந்து நான் கழற்றி, ஒழிப்பதற்காக ஒப்படைத்த மெஷின்.

மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்ட எனக்கு வெயில் தாக்கிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாரியம்மாள் மோர் கொண்டுவந்தார். வேர்த்து ஊற்றிய முகத்தை நான் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன். கருப்பசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "வேர்க்குது வேர்க்குதுன்னு ஆளுக சலிச்சுக்கிடும்போது எனக்குப் பொறாமையா இருக்கும்ணே."

எங்கன ஒழிப்பது

நேரே கடைக்குப் போனேன். மேனேஜர் எனக்கு இளையவர். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் இரண்டு போன். மெஷினின் நம்பர் ஒட்டியிருந்த இடத்தையும் என் கையெழுத்தையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். காட்டினேன். உடைத்துப் போட வேண்டிய மெஷின் எப்படி ஆனைக்குட்டத்தில் ஓடுகிறது என்று கேட்டேன்.

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவே இல்லை. குடோனில் வந்து சேர்கிற பழசில் நல்லதாக இருக்கிறதைத் துடைத்து, பெயிண்ட் தொட்டு, வசதியில்லாதவர்களுக்குக் கொடுத்து உதவுகிறாராம். உதவி என்ற வார்த்தையைத்தான் சொன்னார். அந்த உதவியை மாரியம்மாள் மாதாமாதம் கரண்டு ஆபீசில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். பணக்காரர் வீட்டுப் பில் குறைவதற்குக் கம்பெனி கொடுத்த தள்ளுபடி, அந்தப் பில்லைத் தூக்கி ஒரு தீப்பெட்டித் தொழிலாளி தலையில் வைத்திருக்கிறது, அதற்கு என் கையெழுத்து வேறு சாட்சி என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பிரிட்ஜ் பார்க்க வந்த ஒரு குடும்பம் அப்படியே வெளியே போய்விட்டது.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பழசை ஒழிச்சுக் கட்டணும்னுதான் கம்பெனியில சொன்னாக. எங்கன ஒழிக்கணும்னு சொல்லலையே."

செத்துப்போன மெஷின்

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பழைய ஏசியைக் கொடுத்தால் புதுசுக்குத் தள்ளுபடி என்றால், மாரியம்மாள் வீட்டிலும் இப்போது ஒரு பழைய ஏசி இருக்கிறதே. வேறு கடையில் கொடுத்து மாற்றிவிடலாம். மீதியை நான் போட்டுக்கொள்கிறேன் என்று முடிவு செய்து, கரண்டு அட்டை, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தள்ளுபடிக்குப் பதிவு செய்ய, கம்பெனியின் விருதுநகர் சேவை மையத்துக்குப் போனேன். மாரியம்மாளும் ஒருநாள் லீவு போட்டுவிட்டு வந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். மெஷின் நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தார். முகம் மாறியது. இந்த மெஷின் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டு, தள்ளுபடி கொடுக்கப்பட்டு, உடைத்து ஒழிக்கப்பட்டுவிட்டதாகத் திரையில் இருந்தது. மெக்கானிக் பெயர் என்ற இடத்தில் என் பெயர். "அது ஒழியலைம்மா, இவுக வீட்ல ஓடிக்கிட்டு இருக்கு" என்று போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். சத்தமும் கேட்டது, லாரி ஏற்றத்தில் ஏறுகிற சத்தம். அந்தப் பெண் முழுசாகப் பார்த்தார். மாரியம்மாள் மடியில் வைத்திருந்த ஜெராக்ஸ் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, மறுபடி பைக்குள் வைக்க ஆரம்பித்தார். என்ன பதில் வரும் என்று அவருக்கு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் வருத்தத்தோடுதான் சொன்னார்: "ஓடுறது இருக்கட்டும் சார். எங்க சிஸ்டத்துல அது செத்துப்போச்சு. செத்ததுக்கு ரெண்டாவது தடவை தள்ளுபடி குடுக்க வழியில்ல."

ஆய்வு

ஏசி கம்பெனிக்குப் புகார் எழுதினேன். போட்டோ, வீடியோ, நான் கையெழுத்துப் போட்ட சீட்டின் நகல், என் தப்பு எதுவரை என்பது எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வருகிறவரை சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீதமிருந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் போய், காலையிலேயே மாரியம்மாள் வீட்டு மாடியைக் கழுவி இரண்டு கோட் அடித்தேன். அவர் அன்று வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் சுமந்து கொடுத்தார். மறுநாள் மத்தியானம் ஸ்டூலில் ஏறி உள்கூரையில் கைவைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார், கை வைக்க முடிகிறது என்று. அதற்கு முன்னால் தோசைக்கல் மாதிரி இருக்குமாம்.

மூன்றாவது வாரம் ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்று எனக்குத் தகவல் வந்தது. கடைக்கு அதற்கு ஒருநாள் முன்பே வந்துவிட்டது போல. ஆய்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடை வேன் மாரியம்மாள் வீட்டுக்குப் போய், பழைய மெஷினைக் கழற்றிக்கொண்டு, பெட்டி பிரிக்காத புது ஐந்து நட்சத்திர ஏசியை மாட்டிவிட்டு வந்திருக்கிறது. காசு கேட்கவில்லை. "பழசுல கம்ப்ளைண்ட் இருக்குன்னு கம்பெனியே மாத்திக் குடுக்குது" என்று சொன்னார்களாம். மறுநாள் மதுரையிலிருந்து வந்த அதிகாரியோடு நானும் உள்ளே நுழைந்தபோது, சுவரில் அது பளபளவென்று இருந்தது. 

அதிகாரி மாரியம்மாளிடம் கேட்டார், இதற்கு முன்னால் இங்கே வேறு மெஷின் இருந்ததா என்று. மாரியம்மாள் என்னைப் பார்த்தார். கருப்பசாமி கட்டிலில் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் அவரைச் சட்டையோடு அன்றுதான் பார்த்தேன். "பழசைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இது நல்லா ஓடுது" என்றார் மாரியம்மாள். நான் அனுப்பிய போட்டோவும் வீடியோவும் இந்த வீட்டில் எடுத்ததுதான் என்பதற்கு அத்தாட்சி இல்லையாம்; புகாருக்கு ஆதாரம் இல்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி கிளம்பிவிட்டார். கழற்றிக்கொண்டு போன மெஷின் இந்நேரம் வேறு எந்த ஊரில் யார் வீட்டுக் கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வெளியே வண்டியை எடுக்கும்போது மாரியம்மாள் பின்னாலேயே வந்தார். தலையைக் குனிந்துகொள்ளவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லியிருந்தா இதையும் கழட்டிட்டுப் போயிருப்பாக. உங்களுக்கு நியாயம் வேணும்ணே, எங்களுக்குக் குளிரு வேணும். ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா நான் என்ன செய்ய, சொல்லுங்க."

ஒழிக்கச் சொன்ன மெஷின் ஒழிந்ததா என்று கேட்கிற மெக்கானிக் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான் என்று எல்லாக் கடைகளுக்கும் தெரிந்துவிட்டதால், இப்போது நல்ல கோடையிலும் எனக்கு மத்தியானத் தூக்கம் தவறுவதில்லை.